வீடு ஒரு டிஸ்க்கில், சாவி இன்னொரு டிஸ்க்கில்

பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஓடிக்கொண்டிருந்த கணினியில் புதிதாக ஓர் எஸ்எஸ்டியை, அதாவது வேகமான புது வகை டிஸ்க்கை, மாட்டி, அதில் கணினியை இயக்கும் மென்பொருளான (ஓஎஸ்) விண்டோஸை ஏற்றுகிறீர்கள். பட்டனை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. பழைய டிஸ்க் படங்களையும் பாட்டுகளையும் சுமந்துகொண்டு ஓர் ஓரமாகக் கிடக்கிறது. சில மாதம் கழித்து அது கரகரவென்று சத்தம் போட ஆரம்பிக்கிறது. ஓஎஸ்தான் புது டிஸ்க்கில் இருக்கிறதே, இதைக் கழற்றினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டால், கறுப்புத் திரை. பூட் செய்ய, அதாவது கணினியை எழுப்ப, ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி.

விண்டோஸ் எங்கும் போய்விடவில்லை. எஸ்எஸ்டியில் அப்படியேதான் இருக்கிறது. அதை எழுப்பிவிடும் ஆள்தான் பழைய டிஸ்க்கில் குடியிருந்தார். நீங்கள் டிஸ்க்கைக் கழற்றியபோது அவரையும் சேர்த்துக் கழற்றிவிட்டீர்கள்.

ஒரே டிஸ்க் உள்ள கணினியில் இந்தத் தொல்லை வராது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்துதான் ஆக வேண்டும். டிஸ்க் இரண்டானதும், ‘ஓஎஸ் எதில் இருக்கிறது’ என்பதும் ‘கணினி எதிலிருந்து எழுகிறது’ என்பதும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரிந்துவிடுகின்றன. நம்மில் பலர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நெக்ஸ்ட் பட்டனை அழுத்திவிடுகிறோம். இரண்டாவதற்கு இன்ஸ்டாலரே ஏதோ ஒரு பதிலை எழுதிக்கொள்கிறது.

பட்டனை அழுத்தியதும் நடப்பது

கணினிக்கு உயிர் வந்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஒரு சிறிய மென்பொருள். பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர். இப்போது வருவது யூஇஎஃப்ஐ. பழக்கத்தில் எல்லாரும் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம், அதில் தப்பில்லை. இந்த மென்பொருளுக்கு விண்டோஸ் என்றால் என்னவென்று தெரியாது, லினக்ஸும் தெரியாது. விண்டோஸ் தன் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையைப் படிக்கவும் பொதுவாக அதற்கு வராது. எல்லா யூஇஎஃப்ஐயும் படித்தாக வேண்டிய முறை ஃபேட் 32 என்ற பழைய, எளிய முறைதான்.

ஆகவே, அதற்குப் புரியும் மொழியில் ஒரு சின்னப் பகுதியை டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கிறார்கள். ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்பது முழுப்பெயர், சுருக்கமாக ஈஎஸ்பி. விண்டோஸ் இதற்கு வழக்கமாக 100 எம்பி ஒதுக்கும். லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் இன்னும் தாராளமாக ஒதுக்கும். இதற்குள் பூட் லோடர் என்ற சின்ன நிரல் உட்கார்ந்திருக்கும். யூஇஎஃப்ஐ அதை எழுப்பும், அது ஓஎஸ்ஸை எழுப்பும். எந்த டிஸ்க்கில், எந்தப் பார்ட்டிஷனில், எந்தக் கோப்பை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பை மதர்போர்டு தன் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்கிறது. பயாஸ் திரையில் பூட் ஆர்டர் என்று பார்க்கிறோமே, அது இந்தக் குறிப்புகளின் வரிசைதான்.

சிக்கலின் வேர் இங்கேதான். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஓடத் தொடங்கும்போது கணினியில் ஏற்கெனவே வேறொரு டிஸ்க்கில் ஈஎஸ்பி இருந்தால், இருப்பதையே பயன்படுத்திக்கொள்வோம் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடும். விண்டோஸை நீங்கள் சொன்ன புது டிஸ்க்கில் போடும், பூட் லோடரைப் பழைய டிஸ்க்கில் போடும். உங்களிடம் கேட்காது, போட்ட பிறகு சொல்லவும் செய்யாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இதற்கான தீர்வு கேட்கச் சப்பென்று இருக்கும்: ஓஎஸ் போடும்போது அது போக வேண்டிய டிஸ்க்கை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். கணினியை அணைத்து, மின்சார இணைப்பையும் துண்டித்துவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் பிடுங்கி வைத்தால் போதும். டிஸ்க்கையே வெளியே எடுக்க வேண்டியதில்லை. மதர்போர்டில் ஒட்டிப் படுத்திருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டியைக் கழற்றுவது கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை. சில பயாஸ்களில் அந்த இணைப்பையே தற்காலிகமாக முடக்கி வைக்கும் வசதி உண்டு, இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இதற்கு ஆகும் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பிற்பாடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறார்கள்.

எது எந்த டிஸ்க்?

கழற்ற முடியவில்லை, அல்லது மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் இன்ஸ்டாலர் ‘எங்கே போடட்டும்?’ என்று ஒரு பட்டியலைக் காட்டும். டிரைவ் 0, டிரைவ் 1, டிரைவ் 2 என்று எண்களும், அவற்றின் கீழ் பார்ட்டிஷன்களும் இருக்கும். எந்த நிறுவனத்தின் டிஸ்க் என்ற விவரம் இருக்காது. எண்ணை நம்பவும் கூடாது. நீங்கள் வேகமான டிஸ்க்கை முதல் இணைப்பில் மாட்டியிருந்தாலும் அதற்கு 0 என்ற எண்தான் வரும் என்ற உத்தரவாதம் இல்லை. ஓஎஸ் ஏற்றும் பென் டிரைவும் இதே பட்டியலில் ஓர் ஆளாக நிற்கலாம்.

கையில் இருக்கும் ஒரே அடையாளம் கொள்ளளவு. அதிலும் ஒரு குழப்பம் உண்டு. 1 டிபி என்று பெட்டியில் போட்டிருக்கும் டிஸ்க் இங்கே 931 ஜிபி என்று தெரியும். 500 ஜிபி டிஸ்க் 465 ஆகவும், 256 ஜிபி டிஸ்க் 238 ஆகவும் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடி பைட்டுக்கு மேல் வருவதை ஒரு ஜிபி என்கிறது. அளவுகோல் வேறு, அவ்வளவுதான். 1000, 500, 256 என்று தேடாமல் 931, 465, 238 என்று தேடுங்கள்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவில் இருந்தால்? நான் கையைச் சுட்டுக்கொண்டது அங்கேதான். என்னிடம் 1 டிபியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் 1 டிபியில் ஓர் எஸ்எஸ்டியும் இருந்தன. இரண்டும் 931. மேலே இருப்பதுதான் புதியது என்று நானாக நினைத்துக்கொண்டு, அதிலிருந்த பார்ட்டிஷன்களை டெலிட், டெலிட் என்று தட்டினேன். புது டிஸ்க்கில் எதற்குப் பார்ட்டிஷன் இருக்கிறது என்ற கேள்வி மூன்றாவது டெலிட்டுக்குப் பிறகுதான் வந்தது. அந்தத் திரையில் அன்டூ என்று எதுவும் கிடையாது.

இப்போதெல்லாம் அந்தத் திரையில் ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்துகிறேன். ஒரு கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் டிஸ்க்பார்ட் என்ற கருவியை ஓடவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்காகத் தேர்ந்தெடுத்து அதன் விவரம் கேட்டால் மாடல் பெயரைச் சொல்லிவிடும். எண்ணைக் குறித்துக்கொண்டு சாளரத்தை மூடிவிடலாம். ஆனால் அந்தக் கருவியில் விவரம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஸ்க்கை நொடியில் துடைத்துவிடும் கட்டளையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் பலவற்றில் மாடல் பெயரே பட்டியலில் தெரிந்துவிடும், இந்தப் பாடு இல்லை.

இந்த டிஸ்க்கில் போட முடியாது என்று வந்தால்

சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்த பிறகும், இதில் எம்பிஆர் இருக்கிறது, ஜிபிடி டிஸ்க்கில்தான் விண்டோஸைப் போட முடியும் என்று இன்ஸ்டாலர் முரண்டு பிடிக்கலாம். இவை இரண்டும் டிஸ்க்கின் முகப்பில் இருக்கும் பொருளடக்கப் பக்கத்தின் வகைகள். எங்கிருந்து எங்கே வரை எந்தப் பார்ட்டிஷன் என்று எழுதி வைக்கும் முறை.

எம்பிஆர் 1983லிருந்து இருக்கிறது. நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் அதில் இடமில்லை. முகவரி எழுத அதற்கு 32 பிட்தான் உண்டு. 512 பைட் கொண்ட துண்டுகளாகக் கணக்கிட்டால் சுமார் 2.2 டிபியோடு எண்கள் தீர்ந்துபோகும். 4 டிபி டிஸ்க்கை எம்பிஆராக வைத்தால் ஏறக்குறைய பாதி பயன்படாமலே கிடக்கும். ஜிபிடி என்பது யூஇஎஃப்ஐயோடு வந்த புது முறை. விண்டோஸில் 128 பார்ட்டிஷன் வரை இடமுண்டு, தன் பட்டியலின் ஒரு நகலை டிஸ்க்கின் கடைசியிலும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். இன்று புதிதாகத் தொடங்குபவர் ஜிபிடியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

டிஸ்க்கில் காப்பாற்ற எதுவும் இல்லையென்றால் பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கி, மொத்தத்தையும் ஒதுக்கப்படாத இடமாக விட்டு நெக்ஸ்ட் கொடுங்கள். யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால் இன்ஸ்டாலரே ஜிபிடி ஆக்கி, ஈஎஸ்பியையும் மற்ற சில்லறைப் பார்ட்டிஷன்களையும் தானே வெட்டிக்கொள்ளும். கவனிக்க வேண்டியது இந்த ‘யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருந்தால்’ என்பதைத்தான். பூட் மெனுவில் உங்கள் பென் டிரைவ் சில சமயம் இரண்டு முறை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் எம்பிஆர் டிஸ்க்கை, தரவை அழிக்காமல் மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10லிருந்து கூடவே வருகிறது.

பட்டியலில் டிஸ்க்கே தெரியவில்லை

இது இன்னொரு வகைத் தலைவலி. பயாஸில் டிஸ்க் தெரிகிறது, இன்ஸ்டாலரில் தெரியவில்லை என்றால், இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் கணினிகளில், டிஸ்க்குகளைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு காரணமாக இருக்கலாம். அதற்கான டிரைவரை, அதாவது அதோடு பேச ஓஎஸ்ஸுக்குக் கற்றுத்தரும் சிறு மென்பொருளை, மதர்போர்டு அல்லது மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் வைத்து, அதே திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் வெளியே வரும். பயாஸிலேயே தெரியவில்லை என்றால் கேபிளைப் பாருங்கள். கேபிளும் சரி என்றால் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி மாட்டினால், குறிப்பிட்ட சாட்டா இணைப்பு ஒன்று வேலை செய்யாது. இரண்டும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. டிஸ்க் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைப்பதற்கு முன் வேறொரு சாட்டா இணைப்பில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

எதை எதில் வைப்பது

பொதுவான பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஓஎஸ்ஸும் செயலிகளும் எஸ்எஸ்டியில், படங்களும் வீடியோக்களும் ஹார்ட் டிஸ்க்கில். ஏன் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு முள் நகர்ந்து படிக்கிறது. ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு 100, 150 எம்பி என்று கௌரவமாகவே ஓடும். ஒரு படம் பார்க்க அது தாராளம். ஆனால் ஓஎஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் மூலைக்கொன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரக் காத்திருக்க, தலா பத்து மில்லி விநாடிக்கு மேலேகூட ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதே வேலைக்கு ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாது.

சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், அதைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்றும் இருந்தால்? விநாடிக்கு 550 எம்பி, 3500 எம்பி என்று எண்களைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அன்றாட வேலையில் அவ்வளவு தெரியாது என்பது என் அனுபவம். ஓஎஸ்ஸை வேகமானதில் போடுங்கள், மற்றபடி மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விண்டோஸில் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை மட்டும் இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றலாம். ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் லொக்கேஷன் என்ற பகுதி இருக்கும், அங்கே புது இடத்தைக் கொடுத்தால் விண்டோஸே நகர்த்தும். பயனர் கணக்கு முழுவதையும், அல்லது புரோகிராம் ஃபைல்ஸையும் நகர்த்தச் சொல்லும் குறுக்குவழிகள் கண்ணில் படும். அந்தப் பக்கம் போகாதீர்கள். பிற்பாடு வரும் அப்டேட்டுகள் இடறி விழ அது ஒன்று போதும்.

லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகளே கிடையாது. எல்லாம் ஒரே மரம், ரூட் என்பது அதன் அடி. இரண்டாவது டிஸ்க்கை அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் ஒட்டவைக்கிறீர்கள், அதற்கு மவுன்ட் செய்வது என்று பெயர். ரூட்டை எஸ்எஸ்டியிலும், உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்கிலும் வைப்பது பலரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரவுசரின் கேஷ், செயலிகளின் அமைப்புகள் எல்லாம் ஹோமுக்குள் மறைந்து கிடக்கின்றன. அதை மெதுவான டிஸ்க்கில் வைத்தால், எஸ்எஸ்டி வாங்கிய காசில் பாதி வீண். ஹோமை எஸ்எஸ்டியிலேயே விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தனி ஃபோல்டராக மவுன்ட் செய்து, பெரிய கோப்புகளை மட்டும் அங்கே தள்ளுவது மேல்.

மவுன்ட் செய்யும்போது இரண்டு விஷயம். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறக்கூடும். எதை எங்கே மவுன்ட் செய்வது என்று லினக்ஸ் குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயருக்குப் பதிலாக, பார்ட்டிஷனுக்கென்றே இருக்கும் யூயூஐடி என்ற நீண்ட எண்ணைக் கொடுங்கள். கூடவே நோஃபெயில் என்ற சொல்லையும் அந்த வரியில் சேருங்கள். இல்லையென்றால் என்றாவது அந்த டிஸ்க் பழுதாகிவிட்டாலோ, கழற்றிவிட்டாலோ, லினக்ஸ் ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். ஒரு சினிமா டிஸ்க் இல்லாததற்காகக் கணினியே எழாமல் இருப்பது கொடுமை.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு பற்றி ஒரு வார்த்தை, தொடங்குபவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால். ரெய்டு 0 இரண்டு டிஸ்க்கை ஒன்றாக்கி வேகம் கூட்டும், ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போச்சு. ரெய்டு 1 ஒன்றின் நகலை இன்னொன்றில் வைக்கும், ஒன்று போனாலும் கணினி ஓடும். ஆனால் நீங்கள் தவறுதலாக அழித்தது அந்த நொடியே நகலிலும் அழிந்துவிடும். அதனால் பேக்கப் வேறு, ரெய்டு வேறு. முதல்முறை ஓஎஸ் போடுபவருக்கு இரண்டுமே வேண்டாம்.

ஆளுக்கொரு டிஸ்க்

ஒரு டிஸ்க்கில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ் என்று வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு இரண்டு டிஸ்க் இருப்பது வரப்பிரசாதம். நிபந்தனை ஒன்றே: ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஈஎஸ்பியோடு தனியாக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். விண்டோஸ் போடும்போது லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றுங்கள், லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றுங்கள். உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில், பூட் லோடரை இரண்டாவது டிஸ்க்கில் போடு என்று தெளிவாகச் சொன்னாலும், கண்ணில் பட்ட முதல் ஈஎஸ்பியிலேயே போட்டுவிடும் பிழை வெகுகாலம் இருந்தது. ஆக இது விண்டோஸின் குணம் மட்டுமல்ல.

பிறகு எது வேண்டுமோ அதை, கணினியைப் போடும்போது எஃப்12, எஃப்11, எஃப்8 போன்ற ஏதோ ஒரு விசையை அழுத்தி பூட் மெனுவிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். எந்த விசை என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். ஒன்று கெட்டாலும் மற்றது தன்பாட்டுக்கு எழும்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் அதன் பார்ட்டிஷனில் எழுத லினக்ஸ் மறுத்துவிடும், மறுப்பதும் நியாயமே. விண்டோஸ் 11 சில கணினிகளில் டிஸ்க்கை பிட்லாக்கரால் தானாகவே பூட்டிவிடுகிறது. பயாஸில் கைவைத்ததும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு அது நிற்கலாம். டிஸ்க்குகளைத் தொடுவதற்கு முன்பே அந்த எண்ணை வேறெங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே டிஸ்க்குக்குள் கோப்பாகச் சேமித்துப் பயனில்லை.

இப்போதே பிரிந்து கிடந்தால்

உங்கள் கணினியில் சாவி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். கீழ்ப்பாதியில் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு வரிசையாகத் தெரியும். சி டிரைவ் இருக்கும் அதே வரிசையில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் இருந்து, வேறு எந்த வரிசையிலும் இல்லையென்றால் கவலை இல்லை. அது வேறொரு வரிசையில் மட்டும் இருந்தால், இந்தக் கட்டுரையின் முதல் பத்தி உங்களுக்காக எழுதப்பட்டது.

கறுப்புத் திரையில் நிற்பவர்கள் விண்டோஸை மறுபடி ஏற்றப் பாய வேண்டாம். பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் கணினி எழுந்துவிடும். முதல் வேலையாக முக்கியமான கோப்புகளுக்கு ஒரு பேக்கப் எடுங்கள். அடுத்து, சி டிரைவை டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் டிஸ்க்பார்ட் கொண்டு ஃபேட் 32ல் ஒரு புது ஈஎஸ்பி உருவாக்கி, அதற்குத் தற்காலிகமாக சி, டி போல ஓர் எழுத்துக் கொடுங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு பிசிடிபூட் என்ற கட்டளையை, விண்டோஸ் ஃபோல்டர் இது, புது ஈஎஸ்பி இது என்று சொல்லி ஓடவிட்டால், பூட் லோடர் கோப்புகளை அங்கே எழுதிக் கொடுக்கும். எஸ்எஸ்டி ஜிபிடியாக இருந்தால்தான் இது நடக்கும். கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் வந்துவிட்டால், கரகரக்கும் அந்த டிஸ்க்கை இனி நிம்மதியாகக் கழற்றலாம்.